பெட்டியின் முதல் வரி

முத்திரை குத்தும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மைத்தட்டில் ஒரு தட்டு, காகிதத்தில் ஒரு தட்டு. மலை மேலிருந்த அந்த வானாய்வு நிலையத்தில் காலை பத்தரைக்கு அது தொடங்கும். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் தகரக் கூரையின் இரைச்சலுக்கு நடுவே அது ஒன்றுதான் ஒழுங்காகக் கேட்கும்.

மூன்று நாட்களில் மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. ஒரே ஒரு தடவை. பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை.

தபால் பிரிவு ஏகாம்பரம் தன் மகளின் கடிதங்களைத் திருப்பி அனுப்பிய நாட்கள் அவை.

மகள் பெயர் தமயந்தி. பதினோரு வயதில் தாயை இழந்தவள். பெங்களூரில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த கன்னடக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, அதன் பிறகுதான் அப்பாவுக்குச் சொன்னாள். இனி இந்த மலை ஏற வேண்டாம் என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார்.

அவள் எழுதினாள். நிலையத்துக்கு வரும் கடிதக் கட்டை அவிழ்ப்பவர் ஏகாம்பரம்தான். அவள் கையெழுத்து உள்ள உறையைத் தனியே எடுத்து வைப்பார். மற்றதையெல்லாம் பதிவேட்டில் ஏற்றி முடித்த பிறகு, அந்த உறையின் மேல் சிவப்பு மையில் 'வாங்க மறுப்பு' என்று எழுதுவார். முத்திரை வைப்பார். போகும் பையில் போடுவார்.

மூன்று உறைகளுக்குப் பிறகு அவள் எழுதவில்லை. அவர்கள் பெங்களூரை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று ஏகாம்பரம் கேட்கவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. காகிதத்தில் வரும் தபால் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் பிரிவையே மூடி, ஏகாம்பரத்தைக் கணினி அறையில் போட்டார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அறைக்குப் பொறுப்பு பிலோமினா. முப்பத்தொன்பது வயது.

முதல் நாள் ஏகாம்பரம் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து பிலோமினாவின் மேஜையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். வித்தை சொல்லிக்கொடுப்பவர் வயதில் சின்னவராக இருந்தாலும் குருதான் என்றார். பிலோமினா ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டார். இன்னொன்றை அவரிடம் நீட்டினார். உட்கார்ந்து கேட்டால்தான் தனக்குப் பதில் வரும் என்றார்.

அன்றிலிருந்து ஏகாம்பரம் உட்கார்ந்துதான் கேட்டார். ஆனால் பதில் வரும்போது எழுந்து நின்றுகொள்வார்.

மலைக்கு வரும் இணைய இணைப்பு மிக மெதுவானது. படமும் பொத்தானும் உள்ள அஞ்சல் பக்கம் திறக்க அரை மணி ஆகும். அதனால் அங்கே எல்லோருக்கும் கறுப்புத் திரைதான். ஒரு கட்டளையைத் தட்டினால் வந்த மடல்களின் பட்டியல் தெரியும். மறுபடி தட்டினால் மடல் திறக்கும். ஏகாம்பரத்துக்கு அது பிடித்திருந்தது. சொன்னதைச் செய்கிறது, சொல்லாததைச் செய்வதில்லை என்பார்.

ஒரு நாள் அவர் கேட்டார், இந்த மடல்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று.

"ஒரே ஒரு கோப்புலதாண்ணே. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா."

"நம்ம பதிவேடு மாதிரியா மேடம்?"

"அதே மாதிரிதான். எடிட்டர்ல திறந்தா வெறும் எழுத்துதான் இருக்கும். தமிழ் மடல் மட்டும் அங்க புரியாத குறியீடாத் தெரியும், படிக்க முடியாது."

ஏகாம்பரம் எழுந்து நின்றார். முகத்தில் பெரிய நிம்மதி. பதிவேடு என்றால் அவருக்குத் தெரியும்.

நிலையத்தின் இணையப் பக்கத்தில் ஊழியர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரு மின்னஞ்சல் முகவரி ஏறியது. வந்த மடலைப் படித்து, செய்ய வேண்டியதைச் செய்து, அன்றே அழித்துவிடுவார். சாயங்காலம் அவர் பெட்டி காலியாக இருக்கும். தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் சேதுமாதவன், மடலுக்கும் முத்திரை குத்தி அனுப்புகிறாரா என்று கேலி செய்வான். முத்திரை குத்தினால் கண்ணாடி உடையும் தம்பி, இல்லையென்றால் குத்துவேன் என்பார் ஏகாம்பரம்.

அந்த மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை. பிலோமினா வேலூருக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். ஏகாம்பரம் காலையில் வந்து பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு மடல். அனுப்பியவர் தமயந்தி. அதற்கு நேரே தலைப்பு: 'பதினாலாம் தேதி ஆபரேஷன். வர முடியுமா அப்பா?'

அவர் மடலைத் திறக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். திரும்பி வந்து மடலைத் திறக்கக் கட்டளை கொடுத்தபோது, திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

'இது அஞ்சல் பெட்டி அல்ல.'

இன்னொரு தடவை கொடுத்தார். அதே வரி. கணினியை நிறுத்தித் தொடங்கினார். அதே வரி.

தபால் பிரிவில் ஒரு விதி உண்டு. கிழிந்து வந்த உறையை அதிகாரி பார்க்கும்வரை குமாஸ்தா தொடக் கூடாது. ஏகாம்பரம் அதற்கு மேல் எதையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்து, அறையைத் திறந்து, அந்த ஒரு வரியின் முன்னால் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார் என்று காவலாளி பிறகு சொன்னான்.

திங்கட்கிழமை காலை பிலோமினா வந்து பையை வைப்பதற்குள் ஏகாம்பரம் சொன்னார், பெட்டி திறக்கவில்லை என்று. வேறு எதுவும் சொல்லவில்லை. பிலோமினாவுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. இரண்டு நாள் வானப் படங்கள் இறங்காமல் நின்றிருந்தன. தலையைத் திருப்பாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடவுச்சொல் சரியாக இருக்கிறதா? சரி. கோப்பு அவர் பெயரில்தான் இருக்கிறதா? அவர் பெயரில்தான். படிக்கும் உரிமை? இருக்கிறது. வேறு ஏதாவது நிரல் அதைப் பூட்டி வைத்திருக்கிறதா? பூட்டு இல்லை.

"உள்ள ஏதாவது இருக்கா, இல்ல காலியா?"

"இருக்கு மேடம். கோப்போட அளவு காட்டுது."

"கடைசியா நீங்க அதுல என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலை மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார்.

பிலோமினா, மத்தியானம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். ஏகாம்பரம் தன் நாற்காலிக்குப் போனார். சேதுமாதவன் எட்டிப் பார்த்து, என்ன சார், பெட்டிக்கும் 'வாங்க மறுப்பு' எழுதிட்டீங்களா என்றான். அவன் சும்மா சொன்னதுதான். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. காபி வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான்.

பதினொன்றரைக்கு ஏகாம்பரம் எழுந்து பிலோமினாவின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தமயந்திகிட்டேர்ந்து ஒரு மடல் மேடம். புதன்கிழமை அவளுக்கு ஆபரேஷன். எந்த ஊருன்னு தெரியாது. அது உள்ள இருக்கு."

பிலோமினாவின் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. மலையிலிருந்து கீழே போகிற பஸ் அன்று ஒன்றரைக்கு ஒன்று. அதை விட்டால் அடுத்த நாள் காலை. ஊர் எதுவாக இருந்தாலும், ஒன்றரை பஸ் பிடித்தால் ஜோலார்பேட்டையில் ரயில் பிடிக்கலாம்.

ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு ஏகாம்பரத்தின் மேஜைக்கு வந்தார்.

நிலையத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறக்கும் சாவி பிலோமினாவிடம் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒருவர் பெட்டிக்குள்ளும் பார்த்ததில்லை. இப்போதும் அதைத் தொடவில்லை. மேஜையோரம், ஏகாம்பரத்துக்கு அன்று வந்திருந்த ஒரே காகிதக் கடிதம் கிடந்தது. மின்வாரியத்திலிருந்து வந்தது. அதைப் பிரித்து, மேல் மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினார்.

"இதைப் பதிவேட்டுல ஏத்துங்கண்ணே."

ஏகாம்பரம் கடிதத்தைப் பார்த்தார். பிலோமினாவின் கையைப் பார்த்தார்.

"கையை எடுங்க மேடம்."

"எதுக்கு? விஷயம் எல்லாம் கீழ இருக்கே."

"அனுப்புநர் அங்கதானே இருக்கு. முதல் கட்டமே அதுதான். யாருன்னு தெரியாம எப்படி ஏத்துறது? அது இல்லாட்டி இது கடிதமே இல்லை, வெறும் தாளு."

பிலோமினா கையை எடுத்தார்.

"உங்க பெட்டியும் அதையேதாண்ணே சொல்லுது. முதல் வரியில யார்கிட்டேர்ந்துன்னு இருக்கணும். இல்லாட்டி அதுக்கு அது பெட்டியே இல்லை."

ஏகாம்பரம் உட்கார்ந்தார். கோப்பின் முதல் இரண்டு வரிகளை மட்டும் காட்டும் கட்டளையைப் பிலோமினா சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே சில்வர் ஓக் மரங்கள் காற்றில் இலைகளைத் திருப்பித் திருப்பி வெள்ளி காட்டின.

விசைகள் ஒவ்வொன்றாக விழுந்து ஓய்ந்தன.

"என்ன இருக்குண்ணே?"

"முதல் வரி சரியாத்தான் இருக்கு மேடம்."

"என்ன இருக்கு?"

"பிள்ளையார் சுழி."

பிலோமினா திரும்பவில்லை.

"யார் போட்டது?"

"நான்தான். சனிக்கிழமை." ஏகாம்பரம் இயல்பாகச் சொன்னார். "பதிவேடு மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க. எடிட்டர்ல திறந்தேன். மேல பார்த்தா ஒண்ணும் இல்லை. ஒரு உ போட்டு, மூடிட்டு, அப்புறம் படிக்கலாம்னு வந்தேன்."

முப்பத்திரண்டு வருடம். ஒவ்வொரு பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும், தேதிக்கும் முன்னால் அவர் கை அதைப் போட்டிருக்கிறது. வீட்டுக்கு மளிகைச் சீட்டு எழுதினாலும் போடும். அது அவர் செய்த ஒரு காரியமாகவே அவருக்குத் தோன்றியதில்லை. மூச்சு விட்டாயா என்று கேட்டால் ஒருவர் என்ன சொல்வார்?

பிலோமினா நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். திரையில் மேல் வரியில் தனியாக ஒரு உ. அதன் கீழே, யாரிடமிருந்து என்று கேட்கும் அந்த ஆங்கிலச் சொல்லும், தமயந்தியின் முகவரியும், பத்தாம் தேதியும்.

அவர் விரல் எதையும் சுட்டவில்லை. ஏகாம்பரமே மேல் வரியைப் பார்த்தார், கீழ் வரியைப் பார்த்தார், மின்வாரியத்தின் கடிதத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இயல்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"இதுவா மேடம்?"

"அதுதாண்ணே."

"இந்த ஒரு எழுத்தா?"

"எங்க அப்பா சிலுவை போடுவாரு. அவரு போட்டிருந்தாலும் இதேதான்."

ஏகாம்பரம் எடிட்டரைத் திறந்தார். சுட்டி போய் அந்த எழுத்தின் பக்கத்தில் நின்று மினுங்கியது. அழிக்கும் விசை அவர் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை போகவில்லை.

மணி பன்னிரண்டு பத்து.

பதிவேட்டில் எத்தனையோ அடித்தல் திருத்தல் செய்திருப்பதாகவும், இதை மட்டும் ஒரு நாளும் அடித்ததில்லை என்றும் அவர் சொன்னார். பிறகு, பிலோமினாவிடம் எல்லாப் பெட்டிக்கும் சாவி இருக்கிறதே, அவர் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். அவருக்கு இந்த வழக்கம் கிடையாது, அதனால் தோஷமும் கிடையாது என்றார். பாதி வேடிக்கைபோலத்தான் சொன்னார். குரல் வேடிக்கையாக இல்லை.

பிலோமினா தலையசைத்து மறுத்தார்.

"பெட்டி உங்களுதுண்ணே. மகளும் உங்களுது."

வராந்தாவில் சேதுமாதவன் இரண்டு காபித் தம்ளர்களோடு வந்து, உள்ளே பார்த்து, அங்கேயே நின்றான். தம்ளர்களைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனான்.

"மூணு தடவை தப்பாப் பண்ணிட்டேன் மேடம்," என்றார் ஏகாம்பரம். திரையைப் பார்த்தபடியே சொன்னார். "மூணு உறை. ஒண்ணைக்கூடப் பிரிக்கலை. அதுல என்ன எழுதியிருந்தாளோ தெரியாது. அப்பவே உடம்பு முடியலைன்னு எழுதினாளோ என்னவோ. இந்தத் தடவையாவது ஒழுங்கா ஆரம்பிக்கணும்னு நினைச்சேன். சாமியைச் சாட்சி வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும்னு."

பிலோமினா மேஜையில் கிடந்த மின்வாரியக் கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

"இதை எடுத்துட்டா, பிள்ளையாரை எங்க வைக்கிறது மேடம்?"

அவர் குழந்தைபோலக் கேட்டார். பிலோமினா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு எங்க வேணும்னாலும் உட்கார்ந்துப்பாருண்ணே. தமயந்திதான் ரெண்டு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கா."

ஏகாம்பரம் இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. ஒரு விசை விழுந்தது.

மடல் தார்வாடிலிருந்து வந்திருந்தது. அவர் ஒன்றரை பஸ்ஸில் போனார்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஏழு வருடம் ஏகாம்பரம் தார்வாடில் மகளோடு இருந்தார். போன ஆவணியில் அங்கேதான் இறந்தார்.